சூப்பர்ஹீரோ படம் பிள்ளைகளுக்கு ஆகுமா? டிக்கெட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முகமூடி, பறக்கும் மேலங்கி, மார்பில் ஒரு சின்னம். இவற்றைப் பார்த்தவுடனே இது பிள்ளைகள் படம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். உள்ளே போய் உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரமும் கழுத்து முறிகிறது, நகரம் சரிகிறது, நாயகன் என்று சொல்லப்படுபவர் கீழே விழுந்து கிடப்பவனையும் விடாமல் மிதிக்கிறார், கதை என்று தேடினால் எதுவும் சிக்கவில்லை. பெரியவர்களுக்கு அது ஒரு மொக்கைப் படம், அவ்வளவுதான், இரண்டு நாளில் மறந்துவிடும். பக்கத்தில் இருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்படி இல்லை. போகும் முன் எப்படிப் பார்த்து முடிவு செய்வது, போன பிறகு நிலைமை கெட்டால் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். படம் சொதப்பலாக இருப்பதற்கும் அது பிள்ளைக்கு ஆகாமல் போவதற்கும் தொடர்பு உண்டு என்பது என் கட்சி. அதற்கு நடுவில் வருகிறேன்.

சான்றிதழைப் பாருங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள்

முதல் வேலை சான்றிதழைப் பார்ப்பது. அமெரிக்காவில் 'பிஜி-13' என்றால் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சில காட்சிகள் பொருந்தாமல் இருக்கலாம், பெற்றோர் கவனிக்கவும் என்று பொருள். 'ஆர்' என்றால் 17 வயதுக்குக் கீழே உள்ளவர் பெற்றோரோ பெரியவர் ஒருவரோ கூட வந்தால்தான் உள்ளே போகலாம். அதாவது நீங்கள் கூட்டிக்கொண்டு போனால் சின்னப் பிள்ளைக்கும் கதவு திறந்துவிடும். இந்தியாவில் 'ஏ' சான்றிதழ் படத்துக்கு அந்தக் கதையே இல்லை, 18 ஆகவில்லை என்றால் அப்பா அம்மா கூட வந்தாலும் அனுமதி கிடையாது. பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டிய படங்கள் எல்லாவற்றையும் முன்பு ஒரே 'யுஏ'-வுக்குள் போட்டு அடைத்திருந்தார்கள். 2024-ல் வந்த விதிகளில் அதை யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். இது உண்மையிலேயே உதவியான மாற்றம், ஆனால் இந்த மூன்றுமே பெற்றோருக்கான வழிகாட்டல்தான். 13+ படத்துக்கு எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போனால், பார்க்கலாமா கூடாதா என்ற முடிவு உங்கள் தலையில்தான்.

இந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரியும். பிஜி-13 என்ற தரம் 1984-ல்தான் வந்தது. அந்த வருடம் வந்த இண்டியானா ஜோன்ஸ் இரண்டாம் படமும் 'கிரெம்லின்ஸ்' படமும் பெற்றோரைக் கொதிக்கவைத்தன. இரண்டிலும் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் கை இருந்தது, நடுவில் ஒரு தரம் வேண்டும் என்று யோசனை சொன்னவரும் அவரேதான். பிரிட்டனில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2002-ல் ஸ்பைடர்மேன் படத்துக்கு 12 வயதுக்குக் கீழே யாரும் வரக்கூடாது என்று தரம் கொடுத்தார்கள். பிள்ளைகள் அழுதார்கள், பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள், சில ஊர்களின் உள்ளாட்சி மன்றங்கள் தாங்களாகவே அந்தத் தடையைத் தளர்த்தின. அதே வருடம் பெரியவரோடு வந்தால் சின்னவர்களும் பார்க்கலாம் என்ற '12ஏ' நாடு முழுக்க வந்தது. ஆறு வருடம் கழித்து, 2008-ல், 'த டார்க் நைட்' படத்துக்கு அதே 12ஏ கொடுத்தபோது புகார்கள் எதிர்த் திசையிலிருந்து குவிந்தன: இதை எப்படிப் பிள்ளைகளுக்கு அனுமதித்தீர்கள்? இரண்டுமே சூப்பர்ஹீரோ படங்கள், ஆனால் பிள்ளைகளைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு உலகம். ஒரே சட்டிக்குள் போட்டால் இப்படித்தான் ஆகும்.

சான்றிதழ் தருகிறவர்கள் எதையெல்லாம் எடைபோடுகிறார்கள் என்பதும் முக்கியம். ரத்தம் எவ்வளவு, காயத்தை எவ்வளவு நெருக்கமாகக் காட்டுகிறார்கள், கெட்ட வார்த்தை எத்தனை, நிர்வாணம் உண்டா, இவை பெரிய காரணிகள். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நூறு பேரைச் சுட்டுத் தள்ளலாம், ரத்தம் தெறிக்காமல் பார்த்துக்கொண்டால் குறைந்த வயதுத் தரத்துக்குள் நுழைந்துவிடலாம். 2013-ல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, அதிகம் வசூலித்த பிஜி-13 படங்களில் துப்பாக்கி வன்முறை 1985-க்குப் பிறகு மூன்று மடங்குக்கும் மேல் கூடியிருப்பதாகவும், 2012-ல் அது ஆர் படங்களையே தாண்டிவிட்டதாகவும் சொன்னது. ஆக, தரம் குறைவாக இருக்கிறதே என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் காரணம் ஒன்று போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். 'கற்பனை வன்முறை', 'அறிவியல் புனைவுச் சண்டை' என்றிருந்தால் பெரும்பாலும் ஒளிக்கற்றை, ரோபோ, வேற்றுக்கிரகப் பூச்சி வகை. 'தீவிரமான', 'இடைவிடாத' போன்ற அடைமொழிகள் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். 'ரத்தம் நிறைந்த கடும் வன்முறை', 'கோரம்' என்றெல்லாம் இருந்தால் சின்னப் பிள்ளைகளைப் பொறுத்தவரை ஆராய்ச்சி அங்கேயே முடிந்தது.

எங்கே தேடுவது, எதைத் தேடுவது

ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் 'பேரன்ட்ஸ் கைடு' என்று ஒரு பகுதி இருக்கும். வன்முறை, பயமூட்டும் காட்சிகள், கெட்ட வார்த்தை என்று தனித்தனியாகப் பார்வையாளர்களே எழுதியிருப்பார்கள். இது பொதுமக்கள் எழுதுவது என்பதால் சிலர் தும்மலைக்கூட வன்முறைக் கணக்கில் சேர்த்திருப்பார்கள், சிலர் தலை உருண்டதையே 'சுமார்தான்' என்று எழுதியிருப்பார்கள். அதனால் அவர்கள் கொடுக்கும் 'கடுமை', 'மிதம்' என்ற மதிப்பீட்டை விட்டுவிட்டு, காட்சி விவரத்தை மட்டும் படியுங்கள். 'காமன் சென்ஸ் மீடியா' தளத்தில் எந்த வயதுக்கு ஏற்றது என்று தனியாகப் பரிந்துரை இருக்கும், பெற்றோரும் பிள்ளைகளும் எழுதிய கருத்துகளும் இருக்கும். பிள்ளைகள் எழுதியதை மட்டும் நம்பிவிடாதீர்கள், அவர்களுக்கு எல்லாப் படமும் எல்லாருக்கும் ஏற்றதுதான். பிரிட்டிஷ் தணிக்கை அமைப்பான பிபிஎஃப்சி தன் தளத்தில் ஏன் இந்தத் தரம் கொடுத்தோம் என்று விளக்கமாகவே எழுதுகிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதைப் படிக்கலாம்.

கதை முன்பே தெரிந்துவிடுமே என்று தயங்காதீர்கள். பிள்ளைக்குத்தான் சஸ்பென்ஸ் வேண்டும், உங்களுக்கு வேண்டாம்.

தேடும்போது சண்டை எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. யாருக்கு அடி விழுகிறது என்று பாருங்கள். அம்மாவோ அப்பாவோ பிள்ளையின் கண் முன்னே சாகிறார்களா? ஒரு சிறுவனோ சிறுமியோ ஆபத்தில் மாட்டுகிறார்களா? நாய் பூனைக்கு ஏதாவது ஆகிறதா? (இதற்கென்றே 'டஸ் த டாக் டை' என்று ஒரு தளம் இருக்கிறது, நாயில் தொடங்கி இப்போது நூற்றுக்கணக்கான விஷயங்களைப் பட்டியல் போடுகிறார்கள்.) நூறு ரோபோ உடைவதைச் சிரித்துக்கொண்டே பார்க்கும் பிள்ளை, ஓர் அம்மா சாகும் இருபது வினாடிக் காட்சியில் உடைந்துபோவது சாதாரணம். சூப்பர்ஹீரோக்களில் பாதிப் பேர் அநாதைகள் என்பதால் இந்தக் காட்சி எப்படியும் வந்து நிற்கும்.

டிரெய்லரை வைத்து முடிவு செய்ய முடியாது. பொதுப் பார்வைக்கு என்று வெட்டிச் சுத்தம் செய்ததுதான் டிரெய்லர். நகைச்சுவை வசனங்களைப் பொறுக்கி எடுத்து, நல்ல பாட்டு ஒன்றைப் பின்னால் ஓடவிட்டு, குடும்பப் படம் போலவே காட்டிவிடுவார்கள்.

விமர்சனங்களில் ஒரு தந்திரம் உண்டு. பாராட்டுகளைவிட ஏமாற்றத்தோடு எழுதியவர்களின் விமர்சனத்தைத் தேடிப் படியுங்கள். 'டார்க்', 'ரா', 'முதிர்ச்சியான அணுகுமுறை' என்று பாராட்டில் வரும் சொற்கள்தான் திட்டுகிறவர் வாயில் 'கடைசி நாற்பது நிமிஷமும் வெறும் அடிதடி', 'நாயகனுக்கும் வில்லனுக்கும் வித்தியாசமே தெரியவில்லை' என்று வெளியே வரும். பிள்ளையைக் கூட்டிப்போகிறவருக்கு இரண்டாவது வகைதான் பயன்படும்.

பொம்மைகளை நம்பவே நம்பாதீர்கள். பெட்டியில் '4 வயதுக்கு மேல்' என்று போட்டிருப்பது அந்த பிளாஸ்டிக்குக்கு, படத்துக்கு அல்ல. 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' வந்தபோது மெக்டொனால்ட்ஸ் பிள்ளைகள் சாப்பாட்டோடு அந்தப் படத்தின் பொம்மைகளைக் கொடுத்தது. படத்தைப் பார்த்த பெற்றோர், இதையா பிள்ளைகளிடம் விற்கிறீர்கள் என்று கேட்டுப் பெரிய சண்டையே ஆகிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் விற்பனை முறையில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.

அனிமேஷன் என்றாலும் அதே எச்சரிக்கைதான். சில சூப்பர்ஹீரோ கார்ட்டூன்களில் வரும் ரத்தம், உயிருள்ள நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் எந்தத் தணிக்கையிலும் சுலபமாகத் தாண்டாது.

சொதப்பல் படம் ஏன் கூடுதல் ஆபத்து

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நல்ல படத்திலும் வன்முறை இருக்கும். ஆனால் அங்கே அடிக்கு ஒரு காரணம் இருக்கும், அடித்த பிறகு ஒரு விளைவு இருக்கும், அடித்தவர் முகத்தில் ஒரு பாரம் இருக்கும், யாராவது அழுவார்கள், யாராவது மன்னிப்புக் கேட்பார்கள். பிள்ளை அந்த அடியோடு இவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. எழுத்து பலவீனமான படத்தில் இந்த இடமெல்லாம் காலி. அடுத்த சண்டைக்குப் போகும் அவசரத்தில் விளைவுகளை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். கட்டடம் இடிகிறது, உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கதையில் பிடிப்பு இல்லாததை மறைக்க அடியின் அளவைக் கூட்டுகிறார்கள், அதுவும் போதவில்லை என்றால் கேமராவைக் காயத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார்கள். கடைசியில் பிள்ளையின் கையில் மிஞ்சுவது வலிமை உள்ளவன் அடிப்பான் என்ற ஒன்றுதான்.

அதனால் படத்தைப் பற்றி விசாரிக்கும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நாயகன் வேறு வழியில்லாமல் அடிக்கிறானா, ரசித்து அடிக்கிறானா? தோற்றுக் கிடப்பவனை என்ன செய்கிறான்? கொடூரத்தைச் சிரிப்புக் காட்சியாக வைத்திருக்கிறார்களா? மூன்றாவது கேள்வி பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு ரொம்ப முக்கியம். அவர்களுக்குப் பயம் போய்விட்டிருக்கும், அந்த இடத்தில் 'செம' வந்து உட்கார்ந்திருக்கும். வில்லன் செய்யும் கொடுமை பிள்ளைகளைப் பயமுறுத்தும், ஆனால் அவர்கள் விளையாட்டில் திருப்பிச் செய்து பார்ப்பது பெரும்பாலும் நாயகன் செய்வதைத்தான்.

வயதும் பிள்ளையும்

ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் எல்லாம். இதற்கு நல்ல உதாரணம் ஹல்க். 1970-களின் கடைசியில் தொடங்கிய அந்தத் தொலைக்காட்சித் தொடரில் ஹல்க் நல்லவன், ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுகிறவன். இருந்தும் சாதாரண மனிதன் பச்சை உருவமாக மாறும் காட்சி பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளைத்தான் அதிகம் பயமுறுத்தியது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். 'அவர் நல்லவர்டா' என்ற விளக்கம் அந்த வயதில் அவ்வளவாக எடுபடாது, முகம் கோரமாக இருந்தால் கெட்டவன்தான். ஆகவே இந்த வயதுக்கு முகம் உருகுவது, உடல் மாறுவது, இருட்டில் திடீரென்று பாய்வது இருக்கிறதா என்று பாருங்கள்.

எட்டு முதல் பதினொன்று வரை, நடக்கக்கூடியது எதுவோ அது பயமுறுத்தும். பறக்கும் அரக்கன் பரவாயில்லை, வீட்டுக்குள் கத்தியோடு நுழையும் மனிதன் ஆகாது. பன்னிரண்டுக்கு மேல் பயம் பெரிய விஷயமில்லை, மேலே சொன்ன ரசிப்புதான் விஷயம்.

இதெல்லாம் பொதுக் கணக்கு. ஒரே வீட்டில் அக்கா ஆறு வயதில் எதையும் பார்ப்பாள், தம்பி பத்து வயதிலும் மின்னலுக்குக் கண்ணை மூடுவான். புத்தகத்தில் சோகமான பக்கம் வந்தால் உங்கள் பிள்ளை என்ன செய்கிறது, போன தடவை பயந்தது எதற்கு, அது எத்தனை நாள் நீடித்தது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

தியேட்டரில்

சந்தேகம் இருந்தும் போகிறீர்கள் என்றால் நடைபாதையை ஒட்டிய இருக்கையாக எடுங்கள். உள்ளே போகும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: பிடிக்கவில்லை என்றால் என் கையை அழுத்து, உடனே வெளியே போகலாம், நான் திட்ட மாட்டேன். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். காசு கொடுத்தாகிவிட்டது என்று உட்கார்ந்திருப்பதில் யாருக்கும் லாபமில்லை, அதுவும் படம் மொக்கையாக இருக்கும்போது எழுந்து போவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

பயப்படும் சின்னப் பிள்ளையிடம் 'இதெல்லாம் நிஜமில்லை, கிராபிக்ஸ்' என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட மடியில் தூக்கி வைத்துக்கொள்வது, தண்ணீர் கொடுப்பது, வெளியே வெளிச்சத்துக்குக் கூட்டிப்போவது நன்றாக வேலை செய்யும். விளக்கம் பெரிய பிள்ளைகளுக்கு: இந்த அடி எப்படி எடுத்திருப்பார்கள், அந்த மனிதர் கயிற்றில் தொங்குகிறார் என்று சொன்னால் அவர்களுக்கு ஆர்வம் வந்து பயம் குறையும். கண்ணைப் பொத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். எலும்பு முறியும் சத்தமும் அலறலும் காதுக்குள் போய்க்கொண்டேதான் இருக்கும், படம் தெரியாததால் சில பிள்ளைகள் அதைவிட மோசமாகக் கற்பனை செய்துகொள்வார்கள்.

பெயர்கள் ஓடி முடிந்த பிறகு வரும் துண்டுக் காட்சிக்காகக் காத்திருக்கும் பழக்கம் இருக்கிறதல்லவா, அதில் அடுத்த வில்லனை அறிமுகப்படுத்தும்போது சில சமயம் படத்திலேயே இல்லாத கோரத்தைக் காட்டுவார்கள். பிள்ளை சோர்ந்திருந்தால் அதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

வீட்டில் பார்ப்பது

என்னைக் கேட்டால் சந்தேகமான படத்துக்கு வீடுதான் சரி. பகலில், விளக்கு எரிய, சத்தத்தைக் குறைத்து வைத்து, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். முந்தின நாள் நீங்கள் மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டால் எந்த இடத்தில் தாண்ட வேண்டும் என்றும் தெரிந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: தியேட்டரில் வந்ததும் வீட்டுக்கு வருவதும் ஒரே படமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 2016-ல் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' அமெரிக்கத் திரையரங்குகளில் பிஜி-13. பிறகு வீட்டில் பார்க்க வந்த நீண்ட பதிப்பு ஆர். தியேட்டர் தரத்தை மனதில் வைத்துக்கொண்டு நீண்ட பதிப்பைப் போட்டால் கணக்கு தப்பிவிடும். தலைப்புக்குப் பக்கத்தில் 'எக்ஸ்டெண்டட்', 'அன்கட்', 'அல்டிமேட்' என்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்துக்கான தளம் என்ற பெயரையும் நம்பி இருக்க வேண்டாம். டிஸ்னி பிளஸ் 2022-ல் அமெரிக்காவில் ஆர் தரத்து டெட்பூல் படங்களையும் லோகனையும் சேர்த்துவிட்டது. பிள்ளைக்குத் தனி ப்ரொஃபைல் போட்டு, வயது வரம்பு வைத்து, உங்கள் ப்ரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) போடுவது ஐந்து நிமிட வேலை. பிள்ளையின் பிறந்த வருடத்தை அந்த எண்ணாக வைக்காதீர்கள், முதலில் அதைத்தான் அழுத்திப் பார்ப்பார்கள்.

வேண்டாம் என்று சொல்வது எப்படி

'எங்க கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க' என்பது வரும். எல்லாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் அதை வைத்து வாதாடிப் பயனில்லை. 'நீ சின்னப் பையன்' என்று சொன்னால் அடுத்த வாரமே நண்பன் வீட்டில் பார்த்துவிட்டு வருவான். காரணத்தை நேராகச் சொல்லுங்கள்: இந்தப் படத்தில் ஆட்களை அடித்துக் கொல்வதை ரொம்ப நேரம் காட்டுகிறார்கள், அது எனக்கே பிடிக்கவில்லை, கதையும் நன்றாக இல்லையாம். மூன்றாவது காரணம் ஆச்சரியமாக வேலை செய்யும். படம் போர் என்று கேள்விப்பட்டால் தடை என்ற கவர்ச்சியில் பாதி போய்விடும். அப்புறம் அதே நாயகன் வரும் வேறு எதையாவது கொடுங்கள், பழைய கார்ட்டூன் தொடர், காமிக்ஸ், ஏதாவது ஒன்று. பிள்ளைக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த நாயகன்தான், அந்தக் குறிப்பிட்ட படம் அல்ல.

பார்த்துவிட்டு வந்த பிறகு

உடனே உட்கார வைத்து விசாரணை நடத்த வேண்டாம். போகிற வழியில் 'உனக்கு எந்த இடம் பிடிக்கல?' என்று கேட்டால் போதும். 'பயமா இருந்துச்சா?' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். பெரிய பிள்ளை என்றால், 'அவன்தான் தோத்துட்டானே, அதுக்கப்புறமும் ஏன் அடிச்சான்?' என்று கேட்டுப் பாருங்கள், நல்ல பேச்சு நடக்கும். படம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதையும் ஏன் என்று சொல்லுங்கள். ஒரு படத்தைத் திட்டக் கற்றுக்கொள்வதும் பிள்ளைகளுக்கு நல்லதுதான்.

இரண்டு மூன்று நாள் மேலங்கி கட்டிக்கொண்டு குதிப்பது, தலையணையைக் குத்துவது எல்லாம் சாதாரணம். தம்பி தங்கைக்கு வலிக்கிற மாதிரி ஆனால் நிறுத்துங்கள். தனியாகத் தூங்க மறுப்பது, விளக்கை அணைக்க விடாதது சில நாள் இருக்கலாம், கூடப் படுத்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் நீடித்தால், கெட்ட கனவு நிற்கவில்லை என்றால், மருத்துவரிடம் பேசுங்கள்.

அடுத்த பாகம் வரும்போது இந்த வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். போன பாகம் பார்த்தோமே, ஒன்றும் ஆகவில்லையே என்பது கணக்கில் வராது. 2000-ல் வந்த முதல் எக்ஸ்மென் படம் பிஜி-13, அதில் வந்த வுல்வரின் என்ற நாயகனே 2017-ல் 'லோகன்' படத்தில் திரும்பி வந்தபோது ஆர்.